பேர் வேறு, ஊர் வேறு

கேள்வி: கருவியின் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் பிரித்து வைக்கும் லிஸ்ப் நெறிமுறையை, இறுதியாண்டு புராஜெக்டுக்காக லினக்ஸில் நானே எழுதிக்கொண்டிருக்கிறேன். பிங் போகிறது, எஸ்எஸ்எச்சில் லாகின் ஆகிறது. பெரிய ஃபைலை அனுப்பினால் மட்டும் பாதியில் நின்றுவிடுகிறது. ஒரு கம்ப்யூட்டரை இன்னொரு ரவுட்டருக்குப் பின்னால் மாற்றினாலோ, பாக்கெட்டுகள் பழைய இடத்துக்கே போகின்றன. எங்கே தப்பு?

பதில்: இரண்டுமே நான் விழுந்து எழுந்த குழிகள். முதலாவது அரை மணி நேர வேலை. இரண்டாவது என்னுடைய மூன்று வாரத்தைத் தின்றது.

ஃபைலை முதலில் பார்ப்போம். உங்கள் ரவுட்டர் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் மேலே இன்னொரு உறை போடுகிறது. ஐபிவி4 ஹெடர் 20 பைட், யுடிபி 8, லிஸ்ப் 8, ஆக 36. 1500 பைட் பாக்கெட் 1536 ஆகிவிட்டால், 1500தான் தாங்கும் லிங்கில் எப்படி நுழையும்? பிங்கும் லாகினும் சின்னப் பாக்கெட்டுகள், தப்பித்துக்கொள்கின்றன. துண்டாக்காதே என்னும் டிஎஃப் பிட்டைப் போட்டு பிங் அனுப்பிப் பாருங்கள். 1436 பைட் தரவு போய் 1437 போகாவிட்டால் சந்தேகமே வேண்டாம். இதில் ஒரு வம்பு உண்டு. ‘பாக்கெட் பெரிசு’ என்று நடுவழி ரவுட்டர் அனுப்பும் ஐசிஎம்பி புகார், உறை மேல் யார் முகவரி இருக்கிறதோ அவருக்குத்தான் வரும். அதாவது உங்கள் ரவுட்டருக்கு. பாக்கெட்டை அனுப்பிய கம்ப்யூட்டருக்கு விஷயமே தெரியாது. நீங்கள்தான் அதற்குத் தனியாகப் புகார் எழுத வேண்டும். அவசரமென்றால் டன் இன்டர்ஃபேஸின் (உங்கள் நிரல் லினக்ஸில் உருவாக்கும் போலி நெட்வொர்க் கார்டு) எம்டியுவை, அதாவது பாக்கெட்டின் உச்ச அளவை, 1464 ஆக்கி, ஒரு டிசிபி பாக்கெட்டில் போகும் தரவின் உச்ச அளவான எம்எஸ்எஸ்ஸை 1424இல் நிறுத்துங்கள். வெளி உறை ஐபிவி6 என்றால் 36க்குப் பதில் 56 என்று கணக்குப் போடுங்கள்.

இனி இடமாற்றம். லிஸ்ப்பில் இஐடி என்பது கருவியின் பேர், ஆர்லாக் என்பது அது இப்போது குடியிருக்கும் ஊர். எந்தப் பேர் எந்த ஊரில் என்பதை ஒவ்வொரு ரவுட்டரும் ஏறக்குறைய நிமிடத்துக்கொரு முறை மேப் சர்வர் என்னும் பதிவேட்டிடம் பதிந்துகொண்டே இருக்கும். ஆகவே கம்ப்யூட்டர் நகர்ந்த சேதி சர்வருக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும். தெரியாமல் இருப்பது, முன்பே ஒரு முறை கேட்டுப் பதிலை கேஷில் (தற்காலிக நினைவில்) வைத்துக்கொண்ட ரவுட்டருக்கு. அந்தப் பதிலின் ஆயுள் வழக்கமாக 1440 நிமிடம், அதாவது ஒரு முழு நாள். அதுவரை அது மறுபடி கேட்கவே கேட்காது. கேட்க வேண்டுமென்று அதற்குத் தோன்றக் காரணமும் இல்லை.

ஆயுளை ஒரு நிமிடமாகக் குறைத்துவிடலாமே என்று கை துறுதுறுக்கும். நானும் குறைத்தேன். சோதனைக்கூடத்தில் பிரமாதமாக ஓடியது. முன்னூறு ரவுட்டர் போல நடிக்கும் ஒரு ஸ்கிரிப்டை ஓட்டியதும், ‘இந்தப் பேர் எந்த ஊரில்?’ என்ற கேள்விகளை வாங்கும் மேப் ரிசால்வர் மூச்சுத் திணறிப் படுத்தது. நெறிமுறையை வகுத்தவர்கள் இதற்கென்றே எஸ்எம்ஆர் (சொலிசிட் மேப் ரிக்வெஸ்ட்) வைத்திருக்கிறார்கள். ஊர் கேட்கும் செய்தியான மேப் ரிக்வெஸ்ட்டில் எஸ் பிட்டை ஏற்றி, பழைய ஊருக்கு இன்னும் பாக்கெட் அனுப்பிக்கொண்டிருப்பவரைப் பார்த்து ‘மறுபடி விசாரி’ என்று தட்டிவிடுவது. புது விலாசத்தை அதில் நம்பக் கூடாது. வாங்கியவர் மேப்பிங் அமைப்பிடம் போய்க் கேட்டுத்தான் கேஷை மாற்ற வேண்டும். இதைப் பழைய ரவுட்டரில் எழுதுங்கள், ஏனென்றால் தவறி வரும் பாக்கெட்டுகளைக் கண்ணால் பார்ப்பது அதுதான். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு எஸ்எம்ஆர் அனுப்பிவிடாதீர்கள், வேகக் கட்டுப்பாடு கட்டாயம்.

இன்னொன்றையும் சரிபாருங்கள். போன கம்ப்யூட்டரைப் பழைய ரவுட்டர் இன்னும் தன்னுடையது என்று பதிந்துகொண்டிருக்கிறதா? என்னுடைய மூன்று வாரம் போனது இங்கேதான். கடைசியாகப் பதிந்தவர் சொல்வதே சரி என்று என் சர்வரை எழுதியிருந்தேன். இரண்டு ரவுட்டரும் மாறி மாறிப் பதிய, அந்தக் கம்ப்யூட்டர் ஒரு நிமிடம் இங்கே, ஒரு நிமிடம் அங்கே என்று ஆவி மாதிரி அலைந்தது. நான் கேஷைச் சந்தேகித்து அதையே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தேன்.

உறை போடுவதும் பிரிப்பதும் இரண்டு நாள் வேலை. தெரிந்துவைத்திருப்பதை எப்போது மறக்க வேண்டும் என்பதில்தான் மீதி மாதமெல்லாம் போகும். உங்கள் கைடு கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: பேரிலிருந்து முகவரி கண்டுபிடிக்க டிஎன்எஸ் இருக்கிறதே, இன்னொரு அமைப்பு எதற்கு?

பதில்: டிஎன்எஸ் ஆரம்பத்தில் ஒரு தடவை வழி காட்டும். அதன் பிறகு டிசிபி இணைப்பு பிடித்துக்கொண்டிருப்பது ஐபி முகவரியை. அது மாறினால் இணைப்பு அறுந்தது. ஐபி முகவரி ‘யார்’ என்பதற்கும் ‘எங்கே’ என்பதற்கும் ஒரே பதிலாக இருப்பதுதான் கோளாறு.

ஆனால் லிஸ்ப் பிறந்தது நகரும் கருவிகளுக்காக அல்ல. 2006 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் இணையக் கட்டமைப்பு வாரியம் நடத்திய பட்டறையில் பெரிய கவலை, ரவுட்டர்கள் வழி பார்க்கும் ரவுட்டிங் டேபிள் ஊதிக்கொண்டே போவது. இரண்டு இணையச் சேவையாளர்களிடம் இணைப்பு வாங்கும் ஒவ்வொரு நிறுவனமும் உலகத்து ரவுட்டர்கள் எல்லாவற்றிலும் ஒரு வரியைப் பிடித்துக்கொள்கிறது அல்லவா, அதற்கு மருந்து தேடினார்கள். லிஸ்ப், 2013இல் ஆர்எஃப்சி 6830 என்னும் இணைய நெறிமுறை ஆவணமாகச் சோதனை நிலையில் வந்தது. 2022இல்தான் 9300, 9301 என்று அதிகாரபூர்வத் தரமாகும் பாதைக்கு ஏறியது. ஹிப் என்னும் நெறிமுறை பப்ளிக் கீயையே அடையாளமாக்குகிறது, அதற்கு ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் தொட வேண்டும். லிஸ்ப்பில் ரவுட்டரைத் தொட்டால் போதும். அதனால்தான் பிழைத்தது என்பது என் கட்சி. அதுவும் இணையத்தின் நடுவில் அல்ல, பெரிய நிறுவனங்களின் வளாக நெட்வொர்க்குகளுக்குள்ளே.

கேள்வி: அடைப்புக்குறிகளாக எழுதுவார்களே, அந்த லிஸ்ப்பா இது?

பதில்: இல்லை. அது 1958இல் ஜான் மெக்கார்த்தி தொடங்கிய நிரல்மொழி. வலைத்தேடலில் இரண்டும் கலந்துதான் வரும். தேடும்போது இந்த நெறிமுறையின் போர்ட் எண்ணான யுடிபி 4341 என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

கேள்வி: உள்ளே வரும் பாக்கெட்டின் உறையிலேயே அனுப்புநரின் ஆர்லாக் இருக்கிறது. அதைப் படித்து கேஷில் போட்டுவிட்டால் ஒரு மேப் ரிக்வெஸ்ட் மிச்சமாகுமே?

பதில்: மிச்சமாகும். ஆனால் உறை மேல் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம். வேறொரு கருவியின் இஐடியைத் தன்னுடையது என்று சொல்லி ஒருவன் ஒரே ஒரு பாக்கெட் விட்டால், அந்தக் கருவிக்கு உங்கள் ரவுட்டர் அனுப்புவதெல்லாம் அவன் வாசலில் இறங்கும். அப்படிக் கற்றதைச் சில விநாடிகள் மட்டும் வைத்திருந்து, அதற்குள் மேப் ரிக்வெஸ்ட் அனுப்பிச் சரிபார்த்துவிடுங்கள். அப்போது முதல் பாக்கெட் காத்திருக்காது. மிச்சம் அவ்வளவுதான்.