பழைய அடையாள அட்டை இலக்கத்தைப் படிவம் ஏற்காவிட்டால்

கிளினிக்குக்கு நாள் எடுக்கும் இணையப் படிவம் உங்கள் அம்மாவின் பழைய இலங்கை அடையாள அட்டை இலக்கத்தை ஏற்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அதை 12 எண்களாக மாற்றி எழுதுங்கள். படிவம் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். முன்னால் 19 சேருங்கள். பழைய இலக்கத்தின் முதல் ஐந்து எண்களுக்குப் பின் ஒரு 0 இடுங்கள். கடைசியில் உள்ள ‘வி’ (V) எழுத்தை விட்டுவிடுங்கள்.

2016 முதல் வழங்கப்படும் அட்டைகளில் 12 எண்கள்தான். படிவத்தைச் செய்தவர் அவற்றை மட்டுமே நினைத்திருக்க வேண்டும். “தவறான தகவல்” என்று சிவப்பில் காட்டிவிட்டு, நிரப்பிய அனைத்தையும் அழித்துவிடுவதாக எழுதியிருந்தீர்கள். எந்தக் கட்டத்தில் தவறு என்று சொல்லக்கூடாதா? பழைய அட்டையோடு இருக்கும் முதியவர்கள் திருகோணமலையில் எத்தனை பேர்! கிளினிக்குக்கு நாள் எடுக்க வந்தவரை இப்படி அலைக்கழிப்பது அநியாயம்.

மாற்றியது சரியா என்று பார்க்க: புதிய இலக்கத்தில் ஐந்தாம் இடம் முதல் ஏழாம் இடம் வரையுள்ள மூன்று எண்கள், பிறந்த நாள் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் குறிக்கும். பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்படும். ஆகவே அம்மாவுக்கு அது 501க்கும் 866க்கும் இடையில் இருக்க வேண்டும்.

பிறகும் மறுத்தால் தொலைபேசிக் கட்டத்தைப் பாருங்கள். இலங்கைக் குறியீடான +94 ஏற்கெனவே இருந்தால் முன்னால் உள்ள 0 வேண்டாம்.

ஒன்று கவனம்: அம்மாவின் பழைய மருத்துவப் பதிவு பழைய இலக்கத்தில் இருந்தால், புதியது அதோடு பொருந்தாமல் போகலாம். அனுப்புமுன் கிளினிக்கில் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.