மூச்சு விடும் இடத்தில் காற்புள்ளி இடலாமா?

உயர்நிலைப் பள்ளியில் 26 ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். ஆங்கிலக் காற்புள்ளி பற்றி நம் உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகளையும் தமிழ் எழுத்திலேயே தந்திருப்பதால், காற்புள்ளி விழும் இடத்தைக் கவனித்துப் படியுங்கள்.

கேள்வி (சிங்கப்பூர் உட்லண்ட்ஸ், ஒரு தாயார்): டீச்சர், என் மகள் உயர்நிலை ஒன்றில் படிக்கிறாள். வாய்விட்டுப் படித்து, மூச்சு விடும் இடத்தில் கமா போடச் சொல்லிக் கொடுத்தேன். அவளுடைய கட்டுரையில் ஆசிரியை பாதிக்கு மேல் அடித்துவிட்டார். நான் சொல்லிக் கொடுத்தது தவறா?

பதில்: உங்களுக்கும் எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த வழக்கத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. ஐரோப்பாவில் நூல்களை உரக்கப் படித்த காலத்தில், படிப்பவர் எங்கே நிறுத்த வேண்டும் என்று காட்டவே இத்தகைய குறிகள் பயன்பட்டன. இன்று நாம் காணும் வளைந்த வடிவம், 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெனிஸ் நகரில் அச்சகம் நடத்திய ஆல்டஸ் மனூஷியஸின் நூல்கள் வழியாகப் பரவியது. ஆனால் இன்றைய ஆங்கிலத்தில் காற்புள்ளியின் இடத்தை முடிவு செய்வது வாக்கியத்தின் அமைப்பு. உங்கள் மகள் "தி பாய் ஹூ லிவ்ஸ் நெக்ஸ்ட் டோர் டு அஸ், இஸ் சிக்" என்று எழுதியிருப்பாள் என்று நினைக்கிறேன். எழுவாய் நீண்டுவிட்டதால் நமக்கு மூச்சு வாங்குகிறது. இருந்தும் எழுவாய்க்கும் அதன் வினைக்கும் நடுவே ஒற்றைக் காற்புள்ளி வரக் கூடாது. முதலில் எழுவாயையும் வினையையும் கோடிட்டுக் காட்டச் சொல்லுங்கள். பிறகு காற்புள்ளியைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி (துவாஸ், கப்பல் பட்டறை மேற்பார்வையாளர்): விபத்து அறிக்கையில் நான் இட்ட இரண்டு கமாக்கள் பொருளையே மாற்றிவிட்டதாகப் பாதுகாப்பு அதிகாரி சொன்னார். தலைக்கவசம் அணிந்த தொழிலாளர்கள் தப்பினார்கள் என்றுதான் எழுதினேன். அதில் என்ன பிழை?

பதில்: வந்த கேள்விகளில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான், ஏனென்றால் தமிழ் மனம் ஆங்கிலத்தில் தடுமாறும் இடம் இங்கேதான் இருக்கிறது. இரண்டு வாக்கியங்களையும் அருகருகே பாருங்கள்.

"தி வொர்க்கர்ஸ் ஹூ வோர் ஹெல்மெட்ஸ் எஸ்கேப்ட் அன்ஹர்ட்."

"தி வொர்க்கர்ஸ், ஹூ வோர் ஹெல்மெட்ஸ், எஸ்கேப்ட் அன்ஹர்ட்."

முதல் வாக்கியத்தில் தலைக்கவசம் அணிந்தவர்கள் மட்டும் காயமின்றித் தப்பினார்கள். அணியாதவர்களும் அங்கே இருந்திருக்கலாம், அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று விசாரணை அதிகாரி கேட்பார். இரண்டாவதில் அங்கிருந்த எல்லாருமே அணிந்திருந்தார்கள், எல்லாருமே தப்பினார்கள். நம் மொழியில் "தலைக்கவசம் அணிந்திருந்த தொழிலாளர்கள்" என்று பெயரெச்சத்தைப் பெயருக்கு முன்னால் வைத்துவிடுகிறோம். அது ஒரு பிரிவினரைப் பிரித்துக் காட்டுகிறதா, எல்லாரையும் பற்றிய கூடுதல் செய்தியா என்பதை இடம் நோக்கி நாமே புரிந்துகொள்கிறோம். ஆங்கிலம் அந்த வேலையைக் காற்புள்ளியிடம் ஒப்படைத்திருக்கிறது. "மை பிரதர், ஹூ லிவ்ஸ் இன் ஜூரோங்" என்று எழுதினால் எனக்குச் சகோதரர் ஒருவரே என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். காற்புள்ளிகளை நீக்கினால் வேறு சகோதரர்களும் இருப்பதாகத் தோன்றும்.

அந்த இடைத்தொடரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். யாரைப் பற்றிய பேச்சு என்பது மாறாமல் நின்றால் இரண்டு பக்கமும் காற்புள்ளி இடுங்கள்; மாறிவிட்டால் ஒன்றுமே இடாதீர்கள். வாக்கியத்தின் நடுவில் இவை பிறை அடைப்புகளைப் போல இணையாகவே வரும். முதலாவதை இட்டு இரண்டாவதை மறப்பதுதான் நான் திருத்திய தாள்களில் அடிக்கடி கண்ட பிழை.

கேள்வி (பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்): "இட் வாஸ் ரெய்னிங், வி ஸ்டேட் அட் ஹோம்" என்பதை விரிவுரையாளர் சிவப்பு மையில் சுழித்துவிட்டார். தமிழில் இப்படி எழுதலாமே?

பதில்: தமிழில் எழுதலாம், தம்பி. நம் வாக்கியம் முடிந்ததை வினைமுற்றே காட்டிவிடும். நிறுத்தக்குறிகள் இல்லாத ஓலைச்சுவடிகளைப் படித்துப் பொருள் கொண்டவர்கள் நாம். ஆங்கிலத்தில் தனித்து நிற்கக்கூடிய இரண்டு வாக்கியங்களைக் காற்புள்ளி மட்டும் தாங்காது. முற்றுப்புள்ளி இடுங்கள், அல்லது அரைப்புள்ளி இடுங்கள், அல்லது காற்புள்ளிக்குப் பின் "ஸோ" சேருங்கள். "அண்ட், பட், ஆர், ஸோ, யெட், நார், ஃபார்" ஆகிய ஏழு சொற்களுக்கே அந்த இணைக்கும் உரிமை உண்டு. "ஹவெவர்" அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று; இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே அது வந்தால் அதற்கு முன் அரைப்புள்ளியும் பின் காற்புள்ளியும் வேண்டும்.

கேள்வி (கோயில் தொண்டூழியர்): பட்டியலில் கடைசி "அண்ட்" முன்னால் கமா வேண்டுமா? எங்கள் செயற்குழுவில் இதற்கே அரை மணி நேரம் போயிற்று.

பதில்: அதை ஆக்ஸ்ஃபர்டு காற்புள்ளி என்பார்கள். சிங்கப்பூரில் நாம் பெரும்பாலும் பிரிட்டிஷ் வழக்கத்தைப் பின்பற்றுவதால் எளிய பட்டியலில் அது தேவையில்லை. அமெரிக்க நூல்களில் மிகுதியாகக் காணலாம். உணவு ஏற்பாட்டாளருக்கு "மட்டன் பிரியாணி, ரொட்டி பிராட்டா அண்ட் பிரட் அண்ட் பட்டர்" என்று எழுதும்போது மட்டும் முதல் "அண்ட்" முன்னால் ஒன்றை இடுங்கள். இல்லாவிட்டால் எது எதோடு சேரும் என்பது மயங்கும். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில், மிகைநேர ஊதியம் பெறத் தகுதியற்ற வேலைகளை அடுக்கிய சட்டத்தில் கடைசி "ஆர்" முன்னால் காற்புள்ளி இல்லை. விநியோகம் தனி வேலையா, விநியோகத்துக்காகப் பொதி கட்டுவதா என்ற ஐயம் எழுந்தது. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், மிகைநேர ஊதியம் கேட்டு வழக்குத் தொடுத்த பால் வண்டி ஓட்டுநர்கள் பக்கம் நின்றது. மறு ஆண்டு அவர்களுடைய பால் நிறுவனம் 50 லட்சம் டாலர் தர உடன்பட்டது. உங்கள் செயற்குழு செலவிட்ட அரை மணி நேரம் வீணன்று.

கேள்வி (சென்னையிலிருந்து புதிதாக வந்த கணக்காளர்): தொகைகளில் கமாவை எங்கே இடுவது?

பதில்: பன்னிரண்டரை லட்சத்தை ஊரில் 12,50,000 என்று எழுதுவோம். இங்கே 1,250,000. வலப்புறமிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரியுங்கள். விலைப்பட்டியலை அனுப்புமுன் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

கேள்வி (முதலில் எழுதிய தாயார்): இன்னும் ஒன்று, டீச்சர். "ஷி செட், தட் ஷி வாஸ் டயர்ட்" என்று மகள் எழுதுகிறாள். இது சரியா?

பதில்: சரியன்று. ஒருவர் பேசியதை அவர் வாய்மொழியாகவே மேற்கோள் குறிக்குள் தரும்போது "செட்" என்பதற்குப் பின் காற்புள்ளி வரும். "தட்" வந்துவிட்டால் அந்தக் காற்புள்ளி போய்விடும். "என்று" என்ற நம் சொல் செய்யும் வேலையை "தட்" செய்கிறது என்று சொல்லிக் கொடுங்கள், உடனே பிடித்துக்கொள்வாள்.