ஒரு வாரக் கலப்புப் புரோகிராமா, ஒரு செமஸ்டர் எராஸ்மஸா?

ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் படிக்கிறீர்கள், ஐரோப்பிய ஒன்றியத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸில் ஒரு செமஸ்டர் ஸ்பெயினுக்குப் போக ஆசை, ஆனால் துறையில் ஆன்லைன் வகுப்பும் ஒரு வாரப் பயணமும் சேர்ந்த புரோகிராமே போதும் என்கிறார்கள், இந்தியப் பாஸ்போர்ட்டோடு போக முடியுமா என்ற பயம் வேறு, சரிதானே? முடியும். எங்கே படிக்கிறீர்கள் என்றுதான் எராஸ்மஸ் பார்க்கும், குடியுரிமையை அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2016/801 விதிப்படி, முன்கூட்டித் தெரிவித்துவிட்டு, ஜெர்மன் குடியிருப்பு அனுமதி காலாவதியாகாதவரை ஸ்பெயினில் 360 நாள் வரை இருக்கலாம் (அயர்லாந்து, டென்மார்க்குக்கு இது செல்லாது).

கலப்புப் புரோகிராமைக் குறை சொல்ல மாட்டேன். நேரில் 5 முதல் 30 நாள், குறைந்தது 3 கிரெடிட். வேலையோ கைக்குழந்தையோ இருப்பவர்களுக்கு அது வரம். உங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லையே, செமஸ்டருக்கே போங்கள். நான் போனபோது முதல் மாதம் முழுக்க பேக்கரியில் கை காட்டித்தான் ரொட்டி வாங்கினேன், நான்காம் மாதம் அதே கடைக்கார அம்மா தன் மகனின் பரீட்சைக் கவலையை என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஜூமில் இது கிடைக்காது.

அப்புறம், ஆன்லைன் லேர்னிங் அக்ரிமென்டில் (அங்கே எடுக்கப்போகும் பாடங்களுக்கான ஒப்பந்தம்) உங்களுடையது, இரண்டு பல்கலைக்கழகங்களுடையது என மூன்று கையெழுத்தும் விழுந்ததா என்று நீங்களே பாருங்கள். போன பிறகு ஒரு பாடம் மாறினாலும் உடனே திருத்துங்கள். நான் விட்டுவிட்டு, திரும்பி வந்து 6 கிரெடிட்டுக்கு மூன்று மாதம் அலைந்தேன்.