நிமிட்ஸும் நீர்மூழ்கிகளும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கக் கடற்படைத் தளபதி செஸ்டர் நிமிட்ஸை நீர்மூழ்கிகளே உருவாக்கின என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் கப்பலைத் தரைதட்ட விட்டதற்காக விசாரணைக்கு ஆளான பிறகே அவர் நீர்மூழ்கிக்கு அனுப்பப்பட்டதாகப் படித்தேன். அப்படியானால் அது அவர் தாண்டி வந்த தடைதானே? என் அக்காள் மகன் நம் கடற்படையில் அதிகாரியாகச் சேர்ந்து, நீர்மூழ்கிப் பிரிவுக்குப் போக ஆசைப்படுகிறான். வெளியே தெரியாமல் வேலை செய்பவன் எப்படி மேலே வருவான் என்பது என் கவலை. அக்காளுக்கோ அச்சம்.

ஒரு வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் படித்தது உண்மை. 1908ஆம் ஆண்டு பிலிப்பீன்ஸின் பத்தாங்காஸ் அருகே டெக்கேட்டர் என்ற போர்க்கப்பலைத் தரைதட்ட விட்டதற்காக நிமிட்ஸ் இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டுக் கண்டிக்கப்பட்டார். பெரிய போர்க்கப்பல் ஒன்றில் பணியாற்ற விரும்பிய அவரை, மறு ஆண்டின் தொடக்கத்தில், அன்று யாரும் விரும்பிப் போகாத நீர்மூழ்கிகளுக்கு அனுப்பினார்கள். ஆயினும் அதை அவர் தாண்டி வந்த தடையாக என்னால் பார்க்க முடியவில்லை.

அக்காலத்து அமெரிக்க நீர்மூழ்கிகள் பெட்ரோல் எஞ்சினில் ஓடின. மூடிய கலத்துக்குள் சேரும் அந்த ஆவி மூச்சைத் திணறடிக்கும், தீப்பற்றவும் கூடும். டீசலுக்கு மாற வேண்டுமென்று வற்புறுத்தியவர்களில் நிமிட்ஸும் ஒருவர். 1912இல் டீசலில் இயங்கிய ஸ்கிப்ஜாக் நீர்மூழ்கிக்கு அவர் தலைமையேற்றார். நீந்தத் தெரியாத மாலுமி ஒருவர் கடலில் விழுந்தபோது, தாமே குதித்து அவரைக் காப்பாற்றிப் பதக்கம் பெற்றதும் அந்த ஆண்டில்தான். 1913இல் டீசல் எஞ்சின்களைக் கற்க ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டார். திரும்பி வந்து, டீசல் பொருத்தப்பட்ட மௌமி என்ற எண்ணெய்க் கப்பலின் எஞ்சின் பொறுப்பை ஏற்றார். அதே எஞ்சினை ஒருமுறை விளக்கிக் காட்டும்போது ஒரு விரலின் பகுதியை இழந்தார்.

நான் மிகவும் முக்கியமாகக் கருதுவது அதன் பிறகு நடந்ததை. 1917இல் அட்லாண்டிக் கடலைக் கடந்துகொண்டிருந்த நாசகாரிக் கப்பல்களுக்கு, நடுக்கடலில் ஓடிக்கொண்டே எண்ணெய் நிரப்பும் முறையை மௌமியில் செயல்படுத்தியவர்களுள் அவரும் ஒருவர். கால் நூற்றாண்டு கழித்து, துறைமுகங்கள் அரிதான பசிபிக்கில் ஜப்பானுக்கு எதிராக மாபெரும் கப்பற்படையை அவர் நடத்தியபோது, அந்த முறையின் வளர்ந்த வடிவம்தான் கப்பல்களைக் கரை திரும்பாமல் போரிட வைத்தது. விரும்பாத பணியிடத்தில் எஞ்சினோடு போராடிப் பெற்ற அறிவு இப்படி அவரை உயரத்துக்கு இட்டுச் சென்றிருக்கும்போது, அதை எப்படித் தடை என்று சொல்வது?

இன்னொன்றும் உண்டு. ஜப்பானுடனான அந்தப் போரின் முதல் இரண்டு ஆண்டுகளில், நீருக்கடியில் பாய்ந்து கப்பலைத் தாக்கும் அமெரிக்க டார்பிடோக்கள் அடிக்கடி பழுதாயின. எதிரிக் கப்பலின் காந்தப்புலத்தை உணர்ந்து வெடிக்க வேண்டிய கருவி, முன்கூட்டியே வெடித்தது அல்லது வெடிக்கவே இல்லை. ஆயுதத்தை உருவாக்கிய துறை அதை விட்டுக்கொடுக்கவில்லை. கடலிலிருந்து திரும்பிய கப்பல் தலைவர்களின் சொல்லை ஏற்று, 1943 ஜூனில் அந்தக் கருவியின் இயக்கத்தை நிறுத்தும்படி உத்தரவிட்டவர் நிமிட்ஸ். ஒரு காலத்தில் தாமே அப்படிப்பட்ட சிறு கலங்களுக்குத் தலைமை தாங்கியிராதவர், அலுவலக அறிக்கைகளைத் தள்ளிவிட்டு அவர்களை நம்பியிருப்பாரா என்பது எனக்கு ஐயமே. 1941 டிசம்பர் 31 அன்று பசிபிக் கப்பற்படையின் தலைமையை கிரேலிங் என்ற நீர்மூழ்கியின் தளத்தில் நின்று அவர் ஏற்றதையும் இதனோடு சேர்த்தே பார்க்கிறேன்.

உங்கள் மருமகனின் விஷயத்துக்கு வருகிறேன். சிங்கப்பூர் 1995இல் சுவீடனிடமிருந்து பழைய நீர்மூழ்கி ஒன்றை வாங்க முடிவெடுத்தது. பிறகு மேலும் சிலவற்றை வாங்கியது. நம் மாலுமிகள் சுவீடனுக்குச் சென்று பயின்றார்கள். பால்டிக்கின் குளிர்நீருக்காகக் கட்டப்பட்ட கலங்களை நம் வெப்பக் கடலுக்கு ஏற்றபடி மாற்ற வேண்டியிருந்தது. 2024இல் சேவையில் சேர்ந்த இன்வின்சிபிள், இம்பெக்கபிள் இரண்டும் நமக்கென்றே வடிவமைக்கப்பட்டு ஜெர்மனியின் கீல் நகரில் கட்டப்பட்டவை. ஒரு கலத்தில் ஏறத்தாழ 28 பேர்தான் பணியாற்றுகிறார்கள். இத்தனை சிறிய குழுவில் ஓர் இளம் அதிகாரி தன் வேலையை மட்டும் தெரிந்துகொண்டு ஒதுங்கியிருக்க முடியாது. எஞ்சினும் மின்கலமும் ஒலியுணர் கருவியும் அவருக்குப் புரிந்தாக வேண்டும். வெளியுலகம் பார்க்காவிட்டாலும் உடனிருக்கும் ஒவ்வொருவரும் அவருடைய திறமையைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். எஞ்சினில் ஆர்வமுள்ள பிள்ளை என்றால், தயங்காமல் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் அக்காளின் அச்சம் நியாயமானது. அதைச் சமாதான வார்த்தைகளால் போக்க நான் முயலவில்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா 52 நீர்மூழ்கிகளை இழந்தது. 2021 ஏப்ரலில், போர் எதுவும் இல்லாத பாலிக் கடலில், இந்தோனேசியாவின் நங்காலா நீர்மூழ்கி 53 பேரோடு மூழ்கியது. அப்போது தேடுதலுக்கு விரைந்த கப்பல்களில் நம்முடைய ஸ்விஃப்ட் ரெஸ்கியூவும் ஒன்று. நீர்மூழ்கி மீட்புக்கென்றே கட்டப்பட்ட கப்பல் அது. அத்தகைய ஏற்பாடு இங்கேயே இருக்கிறது என்பதை மருமகனே தன் தாயாரிடம் உட்கார்ந்து விளக்குவது நல்லது. ஆபத்தையும் மறைக்காமல் சொல்லட்டும். பேசி முடித்த பிறகு அவன் முடிவெடுக்கட்டும்.

அன்புடன்.