42-க்கு அப்புறம்?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா மகனுக்கு 15 வயது. பள்ளி பேஸ்பால் அணியில் பிட்ச்சர், அதாவது பந்து எறிபவன். ஜாக்கி ராபின்சன் யார் என்று கேட்டேன். "நம்பர் 42" என்றான். அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. ஆடுகிற ஆட்டத்தின் வரலாறே தெரியாத இந்தப் பிள்ளைகளுக்குப் பயிற்சியாளர்கள் வாரம் ஒரு வரலாற்றுத் தேர்வு வைத்தால் என்ன?

பதில்: வைக்கலாம். ராபின்சன் முதலில் ஆடியது 1947 ஏப்ரல் 15, புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்கு என்று ஒப்பித்துவிட்டு மறுநாள் மறந்துவிடுவான். உங்களுக்கும் திருப்தியாக இருக்கும்.

மருமகன் சொன்னது தப்பான பதிலும் இல்லை. 42 ராபின்சனின் சட்டை எண். அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கில், 1997-இல் அந்த எண்ணை எல்லா அணிகளிலும் ஓய்வு பெறச் செய்தார்கள், இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று. இப்போது ஏப்ரல் 15 அன்று மட்டும் அத்தனை வீரர்களும் 42 போட்டுக்கொண்டு இறங்குகிறார்கள். சட்டையில் எண்ணை ஒட்டிவிட்டு மிச்சக் கதையைச் சொல்லாமல் விட்டது பெரியவர்கள். அவர்கள் சொல்லும் 'முதல் கறுப்பின வீரர்' என்பதிலும் பாதிதான் உண்மை. 1884-லேயே மேஜர் லீக்கில் டொலீடோ அணிக்குக் கறுப்பினத்தவரான ஃப்ளீட்வுட் வாக்கர் கேட்சராக (பிட்ச்சர் எறியும் பந்தைப் பிடிப்பவர்) ஆடிவிட்டார். பிறகு அணி முதலாளிகள் எழுதாத ஒப்பந்தத்தால் கதவைச் சாத்தினார்கள். ராபின்சன் திறந்தது அந்தக் கதவை. (நம் ஊரிலும் கேட்டுப் பாருங்கள்: ரஞ்சிக் கோப்பை ஆடுகிறவர்களில் எத்தனை பேருக்கு, ரஞ்சி டெஸ்ட் ஆடியதெல்லாம் இங்கிலாந்துக்கு என்று தெரியும்?)

அந்தக் காலத்து வீரர்களுக்கு மட்டும் வரலாறு தெரிந்திருந்ததா? 1969-இல் செயின்ட் லூயிஸ் அணி தன் வீரர் கர்ட் ஃப்ளட்டை, ஒரு வார்த்தை கேட்காமல் பிலடெல்பியாவுக்கு மாற்றியது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் வீரரை அதே முதலாளியோடு கட்டிப்போடும் விதி அப்போது இருந்தது. ஃப்ளட் போக மறுத்து வழக்குப் போட்டார். 1970 விசாரணையில் அவருக்காகக் கூண்டேறிச் சாட்சி சொன்னவர்களில் ஒருவர் இதே ராபின்சன். ஆடிக்கொண்டிருந்த வீரர் ஒருவர்கூட நீதிமன்றப் பக்கம் வரவில்லை. 1972-இல் உச்ச நீதிமன்றத்தில் 5-3 என்று ஃப்ளட் தோற்றார். 1975 டிசம்பரில், வேறு இரண்டு பிட்ச்சர்களின் வழக்கில், தகராறு தீர்க்க நியமிக்கப்பட்ட நடுவர் பீட்டர் சைட்ஸ் சொன்ன தீர்ப்பில்தான் அந்தப் பூட்டு உடைந்தது. இன்றைய கோடிகள் அங்கிருந்து வருகின்றன.

பையன் பிட்ச்சர் என்கிறீர்கள். அப்படியானால் அவன் காலடியில் இருந்தே தொடங்கலாம். அவன் ஏறி நிற்கும் மேடு 10 அங்குலம். 1968 வரை மேஜர் லீக்கில் அது 15 அங்குலம். உயரத்திலிருந்து வரும் பந்து செங்குத்தாக இறங்கும். பேட்டர் மட்டையைச் சரியாகக் கொண்டுவந்து சேர்ப்பது கஷ்டம். அந்த 1968-இல் பிட்ச்சர் பாப் கிப்சன், ஃபீல்டர்களின் தவறால் வந்த ரன்களைக் கழித்தால், 9 இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.12 ரன்தான் கொடுத்தார். மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கில், பேட்டிங் சராசரி .300-ஐ (பத்து முயற்சிக்கு மூன்று ஹிட்) தாண்டிய பேட்டர் யாஸ்ட்ரெம்ஸ்கி ஒருவரே, அதுவும் .301. மறு ஆண்டே மேட்டை 5 அங்குலம் சீவினார்கள், ஸ்ட்ரைக் எல்லையையும் (பேட்டர் அடிக்காமல் விட்டாலும் அவர் கணக்கில் சேரும்படி பந்து கடக்க வேண்டிய இடம்) சுருக்கினார்கள். இதை வகுப்பில் சொல்லாதீர்கள். 5 அங்குலப் பலகை ஒன்றை மேட்டின் மேல் வைத்து ஏறி நிற்கச் சொல்லுங்கள், பந்து எறிய வேண்டாம், கேட்சரைப் பார்த்தால் போதும்.

அடுத்தது முழங்கை. 'டாமி ஜான்' என்றால் அவனுக்குத் தெரிந்தது முழங்கைக்குச் செய்யும் ஓர் ஆபரேஷனின் பெயர். உண்மையில் டாமி ஜான் ஓர் இடது கை பிட்ச்சர். 1974 செப்டம்பரில் டாக்டர் ஃபிராங்க் ஜோப், அவருடைய வலது கையிலிருந்து ஒரு தசைநாரை எடுத்து, இடது முழங்கை எலும்புகளில் துளை போட்டு நுழைத்துக் கட்டினார். 1975 முழுக்க அவர் ஆடவில்லை. அதன்பிறகு 164 ஆட்டங்கள் ஜெயித்தார். இந்தக் கடைசி வரி மட்டும் ஊரெல்லாம் பரவி, ஆபரேஷன் செய்தால் கை முன்பைவிட வேகமாகும் என்று பிள்ளைகளும் பெற்றோரும் நம்புகிறார்கள். ஆகாது. அறுந்த நாருக்கு மாற்று நார், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் பிள்ளைகளுக்கென்று வகுத்த கணக்கில், 15 வயதுக்கு ஒரு நாளைக்கு 95 பந்துதான் உச்சவரம்பு. 76-ஐத் தொட்டாலே 4 நாள் ஓய்வு. பள்ளி ஆட்டம் முடிந்து, வார இறுதியில் கிளப் அணிக்கும் எறிந்தால் இரண்டு பயிற்சியாளரும் தனித்தனியாக எண்ணுவார்கள். கூட்டிப் பார்க்க ஆள் இருக்காது. அடுத்த முறை போனில் ராபின்சனை விட்டுவிட்டு, இந்த வாரம் மொத்தம் எத்தனை பந்து எறிந்தான் என்று கேளுங்கள்.