மூடி வைத்த சாப்பாடு

கேள்வி: என் 15 வயது மகன், நண்பர்களோடு சேர்ந்து இரு சக்கர வாகனம் திருடிய வழக்கில் பிடிபட்டு, கூர்நோக்கு இல்லத்தில் 9 நாட்கள் இருந்துவிட்டு ஜாமீனில் வந்திருக்கிறான். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். அவனுக்கு எந்தக் குறையும் வைத்ததில்லை. இரவு எத்தனை மணிக்கு வந்தாலும் அவனுக்குச் சாப்பாடு மூடி வைத்திருக்கும். 24 வயது இளைஞன் ஒருவனின் சேர்க்கைதான் அவனைக் கெடுத்தது. தெருவாசிகள் என் மகன் படத்தை வாட்ஸ்அப்பில் பரப்புகிறார்கள். வெளியூர் விடுதியில் சேர்த்துவிடலாமா?
- ஒரு தாய், சேலம்

பதில்: சேர்க்கை சரியில்லை என்று சொல்லாத பெற்றோரின் கடிதம் எனக்கு வந்ததே இல்லை, எனவே அதைப் பிறகு பார்ப்போம். "எத்தனை மணிக்கு வந்தாலும்" என்று எழுதினீர்களே, அங்கேதான் நான் நின்றுவிட்டேன். 15 வயதுப் பிள்ளை ஊரடங்கிய பின் வந்து, ஆறிப்போன சோற்றைத் தனியே தின்றுவிட்டுப் படுக்கிறான்; காலையில் எச்சில் தட்டைப் பார்த்துத்தான் அவன் வீடு திரும்பியதையே நீங்கள் அறிந்திருப்பீர்கள். எங்கே போனாய் என்று கேட்க அந்த வீட்டில் ஒருவர்கூட விழித்திருக்கவில்லை. வேலைக்குப் போவதை நான் குறை சொல்லவில்லை. நாளெல்லாம் சித்தாள் வேலை பார்த்துவிட்டு வந்தும், மகன் தலை தெரியும்வரை வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களை நான் அறிவேன். அந்த 24 வயதுக்காரன் பெரிய மாயம் எதுவும் செய்திருக்கமாட்டான். பக்கத்தில் உட்காரவைத்துப் புரோட்டா வாங்கிக் கொடுத்து, உங்கள் மகன் பேசியதைக் காதுகொடுத்துக் கேட்டிருப்பான்.

அந்த இளைஞன் சிறுவர்களை ஏவித் திருட வைத்திருந்தால் அதை மறைக்காமல், உங்கள் மகனின் வழக்கைக் கவனிக்கும் நன்னடத்தை அலுவலரிடம் சொல்லுங்கள். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, சிறாரைச் சட்டவிரோதச் செயலில் ஈடுபடுத்தும் பெரியவர்களுக்கு 7 ஆண்டுகள் வரை கடுங்காவல் உண்டு. வழக்கில் சிக்கிய சிறாரின் அடையாளத்தை வெளியிடுவதும் அதே சட்டத்தின்படி குற்றம். 6 மாதம் வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ விதிக்கலாம். படம் பரப்பும் தெருவாசிகளிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள். ஒரு பிள்ளையைத் திருடன் என்று ஊரே முத்திரை குத்திவிட்டால், அவன் மறுபடியும் அந்தக் கூட்டத்திடம்தான் போய் நிற்பான்.

விடுதிப் பேச்சை எடுக்காதீர்கள். ஒரு நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் அமர்ந்திருக்கும் இளைஞர் நீதிக் குழுமம், பெற்றோர் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பித்தான் அவனை உங்களிடம் ஒப்படைத்திருக்கிறது; அந்தப் பொறுப்பை, குழுமத்தைக் கேட்காமலேயே, முகம் தெரியாத விடுதிக் காப்பாளர் தலையில் கட்டப் பார்க்கிறீர்கள். பெற்றவர்களின் வேலையைச் சம்பளத்துக்கு வேறொருவர் செய்யமுடியும் என்பதை நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன்.

அடுத்த விசாரணைக்கு, ஒரு நாள் சம்பளம் போனாலும் சரி, உங்கள் கணவரும் வரவேண்டும். மகனின் நண்பர்கள் யார், பள்ளியில் அவனுக்கு எந்தப் பாடம் வரவில்லை என்று நன்னடத்தை அலுவலர் கேட்டால், அதற்குள்ளாவது இருவருக்கும் பதில் தெரிந்திருக்கட்டும்.