செவிலி இல்லாத படங்கள்

அன்புள்ள ஐயா,

பதினெட்டாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் உருவப்படங்களில் சீமாட்டிகள் பிள்ளைகளை மடியில் வைத்துக் கொஞ்சுகிறார்கள். ஆனால் அந்த வீடுகளில் பால் கொடுத்து வளர்த்தது பெரும்பாலும் செவிலித்தாய்கள்தானே? அப்படியென்றால் இந்தப் படங்கள் வெறும் நடிப்பா?

— ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள சகோதரி,

நடிப்பு இருக்கிறது. ஆனால் எல்லாமே நடிப்பு இல்லை. குழந்தையைச் செவிலியிடம் விடுவது வசதியுள்ள வீடுகளில் சாதாரணமாக இருந்தபோது, தாயே பால் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர் வில்லியம் கடோகன் 1748இல் எழுதினார். 1762இல் தத்துவஞானி ரூசோவும் அதையே வலியுறுத்த, பிள்ளையோடு ஒட்டி இருப்பது மேல்தட்டில் பெருமையாயிற்று. டெவன்ஷயர் கோமகள் ஜார்ஜியானா, 1783இல் பிறந்த மகளுக்குத் தானே பால் கொடுத்தார். ஜோஷுவா ரெனால்ட்ஸ் வரைந்த படத்தில் அந்தக் குழந்தை இரண்டு கைகளையும் தூக்கி அம்மாவோடு விளையாடுகிறது. அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள, ரெனால்ட்ஸின் ‘லேடி கோபர்ன்’ (1773) படம் வேறு மாதிரி. அவர் அன்றைய நாகரிக உடையில் இல்லை, பொன்னிற மேலங்கியில் இருக்கிறார். பிள்ளைகள் மொய்க்க அமர்ந்திருக்கும் பெண் என்பது ஐரோப்பிய ஓவியத்தில் ஈகை என்ற பண்புக்குக் கொடுத்துவந்த உருவம். ரெனால்ட்ஸ் அதை அப்படியே ஒரு சீமாட்டிக்குப் பொருத்திவிட்டார். அபூர்வமாகவே கையெழுத்திடும் அவர், இதில் மேலங்கியின் கரையிலேயே பெயரை எழுதியிருக்கிறார். அத்தனை ஜோடனைக்கும் நடுவில் ஒரு பயல் பின்னாலிருந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொற்றி ஏறுகிறான். அந்த இடத்தில் படம் சட்டென்று உயிர்பெறுகிறது. (1814இல் வாஷிங்டன் நகரை எரித்த பிரிட்டிஷ் தளபதிகளில் ஒருவரான ஜார்ஜ் கோபர்ன் இந்தப் பையன்தான்.)

சரி, செவிலி எங்கே? எனக்கும் அதுதான் குறை. பெர்லினில் இருக்கும், 1765 வாக்கில் ரெனால்ட்ஸ் வரைந்த ஜார்ஜ் கிளைவ் குடும்பப் படத்தைத் தேடிப் பாருங்கள். இவர் ராபர்ட் கிளைவின் உறவினர், இந்தியாவில் பணம் சேர்த்தவர். பெற்றவர்கள் இருவரும் படத்தில் இருக்க, மண்டியிட்டுச் சிறுமியைத் தாங்கிப் பிடித்திருப்பவள் இந்தியப் பணிப்பெண். பெற்றவள் ஒருத்தி, பார்த்துக்கொள்பவள் ஒருத்தி என்பதை ரெனால்ட்ஸ் இங்கே ஒளிக்கவில்லை. அவருடைய தாய்-சேய் படங்களைப் பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும் என்பேன்.